பதினான்கு விநாடி

என்னுடைய மணிக்கூடு நல்ல மணிக்கூடு. டக் படகில் எனக்கு மேலே இருந்த இங்கிலீசுக்காரக் கப்டன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஊருக்குப் போகும்போது கையில் தந்துவிட்டுப் போனது. பொத்தானை அமத்தினால் ஓடும், திருப்பி அமத்தினால் நிற்கும். இத்தனை வருடத்தில் அது ஒருதரம்கூடப் பொய் காட்டியதில்லை. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் பேணாட். துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் பதினொரு வருடம் வேலை செய்தவன். ஐம்பத்தொன்பதில் இழுவை வடம் அறுந்து வந்து இடுப்பில் அடித்தது. அன்றோடு கால் இரண்டும் பேருக்குத்தான். துறைமுகத்துக்குக் கிட்ட, ஓர்ஸ் ஹில் மேட்டில் ரோட்டோர வீடு. தாய் தகப்பன் போய்விட்டார்கள், தம்பி வின்சன்ட் மட்டும் இருந்தான். காலை ஐந்தரைக்கு என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி, கழுவி, சாரம் மாற்றி, விறாந்தைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் கப்பல் பழுது பார்க்கும் டொக்யாட்டில் களஞ்சிய வேலைக்குப் போவான். மத்தியானம் ஓடி வந்து சோறு தந்துவிட்டுத் திரும்பவும் ஓடுவான். தமையனுக்குச் சோறு கொடுத்தே ஓட்டக்காரன் ஆனவன் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். கேட்டால் எனக்கும் சிரிப்பு வரும்.

அந்தோனியார் பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் கோவில் பங்கில் ஓட்டப் போட்டி நடக்கும், ஓடுபவர்கள் அன்று வேலைக்கு லீவு போடுவார்கள். கண்டி வீதியில் நாலாம் மைல் கட்டையில் தொடங்கி, உட்துறைமுகத்தைச் சுற்றி வந்து, ஓர்ஸ் ஹில் ஏற்றம் ஏறி, எங்கள் வீட்டு வாசல் படலையில் முடியும். துவக்குச் சுட்டுத் தொடங்குவதென்றால் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு யார் அலைவது? ஆகவே டொக்யாட்டில் வேலை முடிய நாலு மணிக்கு ஊதும் நீராவிச் சங்குதான் தொடக்கம். சங்கு கேட்டதும் அங்கே பொடியன்கள் ஓடுவார்கள். சங்கு கேட்டதும் இங்கே நான் பொத்தானை அமத்துவேன். யாரும் குறை சொல்லாத ஏற்பாடு.

போட்டிச் செயலாளர் கனகரத்தினம் மாஸ்டர் கண்டிப்பான மனிதர். முதலாவதாக வந்தால் போதாது, இருபது நிமிடத்துக்குள் வருபவனின் பெயரைத்தான் கொழும்புக்கு அனுப்புவேன் என்று சொல்லியிருந்தார். அங்கே ஒரு பெரிய கம்பனி தன் ஓட்டக் குழுவுக்கு ஆள் எடுத்தது. வேலையும் தங்க இடமும் கொடுப்பார்கள். வின்சன்ட் அதற்குத்தான் ஆசைப்பட்டான். அவன் போனால் காலையில் என்னை யார் தூக்குவது என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவனிடம் கேட்கவில்லை.

அறுபத்து மூன்றில் அவன்தான் முதல். மணிக்கூடு இருபது நிமிடம் நாற்பத்தொரு விநாடி காட்டியது. அடுத்த வருடமும் அவன்தான் முதல், இருபது பத்தொன்பது. அறுபத்தைந்தில் இருபது எட்டு. அன்று அவன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்னைப் பார்த்தான்.

"என்னைப் பிடிச்சு இந்த எட்டு விநாடிக்குள்ள கட்டி வைச்ச மாதிரிக் கிடக்கு அண்ணை" என்றான்.

எனக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. கொழும்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அங்கிருந்து எங்கள் சனம் உடுத்த உடுப்போடு வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவன் நான். இங்கே அவனுக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, நான் இருந்தேன்.

அந்தப் போட்டி முடிந்த கிழமைதான் தாஹிர் ஒரு கதை கொண்டு வந்தான். தாஹிர் கிண்ணியாப் பொடியன், களஞ்சியத்தில் வின்சன்டோடு வேலை, அடுத்த வளவில் அறை எடுத்து இருந்தான். இருவரும் சேர்ந்துதான் ஓடிப் பழகுவார்கள்.

"பேணாட் அண்ணை, நாலாம் கட்டையில நிண்டு தண்ணிக்கு இங்கால பாத்தா சங்கின்ர வெள்ளை ஆவிதான் முதல் தெரியுது. சத்தம் நல்லாப் பிந்தித்தான் வருது. ஆவியைக் கண்டவுடனே ஓடினா என்ன?"

வின்சன்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது களவு" என்றேன். "சத்தம் கேட்டு ஓடுறதுதான் சட்டம். களவெடுத்த ஓட்டத்துக்கு அந்தோனியார் துணை நிக்க மாட்டார்."

"ஓம் அண்ணை, அது சரிதான்" என்றான் வின்சன்ட். நேர்மையான பிள்ளை. அதன் பிறகு சங்குப் பக்கமே பாராமல், ரோட்டைப் பார்த்துக் குனிந்து நின்றுதான் தொடங்குவானாம். தாஹிர் சொன்னான்.

சங்கதி இவ்வளவுதான். டொக்யாட் எங்கள் வீட்டுக்குக் கிட்ட. சங்கு எனக்கு உடனே கேட்டுவிடும். அதே சத்தம் துறைமுகத்துத் தண்ணீரைத் தாண்டி நாலாம் கட்டைக்குப் போய்ச் சேர இன்னும் பதினான்கு விநாடி ஆகும். மணிக்கூடு பதினான்கு விநாடி ஓடிய பிறகுதான் அவர்கள் காலைத் தூக்குகிறார்கள். அவன் நின்ற நேரத்தையும் நான் ஓட்டத்தில் சேர்த்துவிட்டேன். யார் வென்றார் என்பதில் அதனால் பிழை வராது, எல்லோருக்கும் ஒரே பிந்தல். எத்தனை நிமிடம் என்பதில்தான் பிழை. இருபது எட்டு என்றேனே, உண்மையில் அது பத்தொன்பது ஐம்பத்து நான்கு. அறுபத்தைந்திலேயே அவன் போயிருக்க வேண்டியவன்.

யாரும் விடக்கூடிய பிழைதான். கனகரத்தினம் மாஸ்டர் படித்தவர், அவருக்கே தோன்றவில்லை. தாஹிர் வந்து சொல்லும்வரை எனக்கும் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்.

அடுத்த வருடம் வின்சன்ட் மெலிந்துபோனான். பாரம் குறையட்டும் என்று இரவில் சோற்றை விட்டான். போட்டிக்கு முதல் மூன்று நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலை என்னைத் தூக்கும்போது அவன் கை நெருப்பாகச் சுட்டது. நிற்பாட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட லேசாக, நீ போன வருடமே இருபதுக்குள் வந்துவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் பிழை விட்டது என்று கேள்வி வரும். அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

அன்று கச்சான் காற்று, அடுப்படியில் நிற்பதுபோல இருந்தது. மற்றவர்கள் ஏற்றத்தின் அடிக்கும் வராத நேரத்தில் அவன் படலையைத் தாண்டி முற்றத்தில் விழுந்தான். நான் பொத்தானை அமத்தினேன்.

"எவ்வளவு அண்ணை?"

உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் என்னைத் தேடியது.

"இருபது அஞ்சு" என்றேன்.

"இனி ஏலாது அண்ணை" என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் முடிந்தது. வெக்கை அடித்துவிட்டது என்று எழுதினார்கள். அவன் ஓடியது பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. அது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது மற்றதையும் சொல்லிவிடுகிறேன். டக் படகில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியே நிற்கும் கப்பல் சங்கு ஊதினால், ஆவியைக் கண்டதும் எண்ணத் தொடங்குவோம், சத்தம் கேட்டதும் நிறுத்துவோம். ஐந்து எண்ணினால் ஒரு மைல். பதினொரு வருடம் எண்ணியவன் நான். அறுபத்து மூன்றில் முதல் போட்டியிலேயே, சங்கு கேட்டுப் பொத்தானை அமத்திய கையோடு, என் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. நாலாம் கட்டை தண்ணீர் வழியாக மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு, அதற்கு எத்தனை எண்ண வேண்டும் என்று அன்றே தெரியும். தாஹிர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

போன கிழமை கனகரத்தினம் மாஸ்டர் வந்தார். வின்சன்டின் பெயரில் ஒரு வெற்றிக் கிண்ணம் வைக்கப் போகிறார்களாம், அதில் அவனுடைய சிறந்த நேரத்தை வெட்ட வேண்டுமாம். இருபது நிமிடம் ஐந்து விநாடி என்று சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டு போனார்.

என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மாகிரட் மாமி சோறு அனுப்புகிறா. காலை ஐந்தரைக்குத் தாஹிர் வந்து என்னைத் தூக்கிக் கழுவிக் கதிரையில் இருத்துகிறான். வின்சன்டைவிடப் பலமான கை. கூட்டாளிக்காக வரும் வருடம் தான் வென்று கொழும்புக்குப் போகவேணும் என்கிறான். ஆவியைக் கண்டாலும் அசைய மாட்டானாம், சத்தம் கேட்டுத்தான் ஓடுவானாம்.

நேற்று லீவு போட்டு, நாலு மணிச் சங்குக்கு நாலாம் கட்டையிலிருந்து ஓடிக் காட்டினான். வந்து படலையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டான். இருபது ஒன்பது என்றேன். மணிக்கூடு காட்டியது அதுதான், நான் ஒரு விநாடியும் கூட்டிச் சொல்லவில்லை.