பெட்டிக்குள்ள பூட்டின ஆறு பாஸ்போர்ட்

வேன் ஓடுது. பின்னால தட். தட். தட். மூணு குண்டுச் சத்தம். மூணாவதுல கண்ணாடி அதிர்ந்துச்சு. வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து. குவைத்துல ஃபஹாஹீல் பக்கம் கரும்புகை.

"குனிங்கடா! தலையக் குனிங்க!" வேன் ஓட்டுற சேகர் கத்துறான்.

என்னையும் சேகரையும் சேர்த்து ஏழு பேரு. ஒரே லேபர் கேம்ப், ஒரே ரூம். போர் தொடங்கி ஏர்போர்ட் மூடி நாலு நாளாச்சு. இனி தரை வழிதான். சவூதி எல்லைக்கு ஒரு மணி நேரம். பாஸ்போர்ட்டைக் காட்டுனா அங்கயே விசா அடிச்சு விடுறாங்கன்னு பேச்சு.

பாஸ்போர்ட் என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. லீவு முடிஞ்சு வந்து ஒரு வாரம்கூட ஆகல, நான் இன்னும் ஆபீஸ்ல ஒப்படைக்கல. மத்த ஆறும் கம்பெனி இரும்புப் பெட்டிக்குள்ள. கம்பெனி வாங்கி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டமாவது மண்ணாவது! நான்தான் ஃபோர்மேன். ரூம்ல கெடந்தா தொலைஞ்சு போகும், ஆபீஸ்ல பத்திரம்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் வாங்கிக் கொடுத்தவன் நான். சொன்ன நாக்கு அழுகணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஓடினோம். பூட்டு. மேனேஜர் முந்தின நாளே குடும்பத்தோட எல்லை தாண்டிட்டாரு. பெட்டிச் சாவியும் அவர் பாக்கெட்டுல. இருபது தடவை போன் அடிச்சோம். எடுக்கல. பாவி. போர் நேரம், கெஞ்சுனா விட்டுருவாங்கன்னு நம்பிக் கிளம்புனோம்.

எல்லை. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வண்டி. தக்காளி லாரி ஒண்ணு மூணு நாளா நிக்குது. சாறு தார்ல ஒழுகுது. வாராவாரம் அந்தப் பக்கம் போய்வர்ற கூட்டத்தை நம்பி டீக்கடை வச்சிருந்த மலையாளி, ஷட்டரை இழுத்துட்டு அவரும் வரிசையில நிக்கிறாரு. வளைகுடாக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டிட்டுப் போறாங்க. நமக்கு அது செல்லாது.

கவுண்டர்ல என்னோடதைப் பார்த்து முத்திரை குத்துனாரு அதிகாரி. அடுத்து மத்தவங்களோட ஆறு சிவில் ஐடி, குவைத்துல தங்குறதுக்குக் கொடுத்த அட்டை. தள்ளிவிட்டாரு.

"பாஸ்போர்ட் மாஃபி? இல்லையா? கலாஸ், முடிஞ்சுது. திரும்பிப் போ."

போன்ல இருந்த பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டுனோம். கைகூப்பி நின்னேன். நடக்கல.

நானும் திரும்பிடுறேன்னேன். செல்வம் என் தோளைப் பிடிச்சுத் தள்ளினான். கல்யாணமாகி ரெண்டு வருசம். பொறந்த மகளை வீடியோ கால்ல மட்டும் பார்த்தவன்.

"போங்கண்ணே. ஒருத்தராவது உசுரோட போய்ச் சேருங்க."

போனேன். வெக்கங்கெட்டுப் போனேன். வேன் திரும்புறதை அந்தப் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டே கால். கேம்ப் மேல ஏவுகணை விழுந்துச்சு.

எழுதி வச்சுக்கங்க. எல்லைக்குப் போனது ஏழு பேரு. தாண்டுனது ஒருத்தன். திரும்புன ஆறுல செல்வம் செத்தான். சேகர் செத்தான். ஒருத்தனுக்கு வலது கால் போச்சு. மூணு பேர் பிழைச்சாங்க. ஆபீசுக்கு ஒரு கீறல் இல்லை. பிணத்தை ஊருக்கு அனுப்ப பாஸ்போர்ட் கட்டாயம்னதும் மேனேஜர் ஒரே நாள்ல சாவியைக் கொடுத்து அனுப்புனாரு. பெட்டியிலிருந்து ரெண்டை மட்டும் எடுத்தாங்க. மிச்ச நாலையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க.