இன்னும் ஓரடி

ஓம் அண்ணை, பிளானில அது இல்லைத்தான். நான் இருக்கெண்டு சொல்லேல்லையே. கொஞ்சம் இருங்கோவன், தண்ணி கொதிச்சிட்டுது. இப்ப வெளியால போகவேண்டாம். இந்தக் குசினி ஜன்னலாலயே எல்லாம் தெரியுதுதானே. மண் எழும்பி எழும்பி விழுகுது பாருங்கோ, அதுக்குக் கீழ, வெட்டின கிடங்குக்குள்ளதான் இவர் நிக்கிறார். தலை தெரியாது.

சீனி போடவோ? உங்கட பேர் கோபாலன் எண்டு சொன்னவுடன எனக்குப் பாதி உயிர் வந்திட்டுது. கவுன்சிலால அத்திவாரம் பார்க்க வாறது எண்டால் வெள்ளைக்காரர்தான் வருவார், என்ர அரைகுறை இங்கிலீசில என்னத்தை விளங்கப்படுத்திறது எண்டு காலமை தொட்டு வீட்டுக்குள்ள உலாவிக்கொண்டு திரிஞ்சன். மலேசியாவோ? நல்லது. நான் கதைக்கிறது விளங்குதுதானே? விளங்காட்டில் கையைக் காட்டுங்கோ, நிப்பாட்டுறன். நிப்பாட்டுவனோ தெரியாது.

இது குசினியைப் பின்னால இழுக்கிற வேலை. பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள், ஒரு மேசை போட இடமில்லை. இவர், என்ர மனுசன் சச்சிதானந்தன், பாரிசில இருந்த காலத்திலயிருந்தே ஊரார் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினவர். லண்டனில இந்த வால்தம்ஸ்டோ வீட்டுக்கு நானே வெட்டுவன் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். மெசின் வர வழியில்லை, பக்கத்தால சரியான ஒடுக்கம். பிக்கானும் மண்வெட்டியும்தான். முதல் தரம் வந்த உங்கட ஆள் அந்தப் பிளம்ஸ் மரத்தைப் பார்த்திட்டு, இது களிமண், மரம் தண்ணியை உறிஞ்சினால் மண் சுருங்கும், சுவர் வெடிக்கும், இன்னும் ஆழமா வெட்டு எண்டு சொல்லிப்போட்டுப் போனார். இவர் அடுத்த நாளே இறங்கிட்டார். கவுன்சில் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. நான் சொன்னால்தான் காது கேளாது.

இல்லையப்பா! ஒருத்தரும் எடுக்கேல்லை!

ஒண்டுமில்லை அண்ணை, போன் வந்ததோ எண்டு கேக்கிறார். உப்பிடித்தான், மூச்சு விடுற நேரமெல்லாம் கேப்பார். நீங்கள் குடியுங்கோ, ஆறப்போகுது.

அந்த வளைஞ்ச கிடங்கோ? வாறன், அதுக்குத்தான் வாறன். அத்திவாரம் எண்டால் நேர போய்த் திரும்பி வீட்டோட சேரவேணும், அது எனக்கே தெரியும். இது மரத்தடிப் பக்கமா விலகிப்போய் எல் எழுத்து மாதிரி மடங்கி நிக்குது. இறங்கப் படியும் வெட்டியிருக்கு. நீங்களும் அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறியள். அண்ணை, அது அத்திவாரம் இல்லை. பங்கர். சண்டையில செல் குண்டு விழேக்க ஓடிப்போய்ப் பதுங்கிற கிடங்கு. மடக்கி வெட்டினால்தான் வாசலில வெடிக்கிற துண்டு நேர உள்ளுக்க வராது. எங்கட பக்கத்தில சின்னப் பிள்ளையும் உதைச் சொல்லும்.

சிரிக்கிறியளோ? இல்லையோ, சரி. பக்கத்து வீட்டு மனுசி வேலியால எட்டிப் பார்த்திட்டு நீச்சல் குளமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்க வந்திட்டன்.

இவருக்கு விசர், பைத்தியம் எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ. இவருக்கு ஒரேயொரு தங்கச்சி, கமலி. கமலாம்பிகை. வன்னியில. மனுசன் முந்தியே செத்துப்போச்சு, இரண்டு பெட்டைப்பிள்ளையளோட தனிய. இந்தச் சண்டைக்குள்ள இடம் மாறி மாறிக் கடற்கரைப் பக்கமாப் போட்டினம். பாராளுமன்றத்துக்கு முன்னால எங்கட சனம் றோட்டில இருந்து கத்துதே, ரிவியில கண்டிருப்பியள். அவையளுக்காகத்தான். இவர் அங்கயும் போகேல்லை. போன மாதம் கமலி எங்கயோ ஒரு போன் பிடிச்சு எடுத்தவள். அண்ணா, இஞ்ச ஒரே மணல், வெட்ட வெட்டச் சரியுது, எப்பிடி வெட்டுறது எண்டு. அத்திவாரம் வெட்டுற அண்ணனெல்லோ! இவர் அத்திவாரக் கிடங்குக்குள்ள நிண்டுகொண்டே சொன்னவர். எல் மாதிரி மடக்கி வெட்டு, நல்ல ஆழமா வெட்டு, மேல மரக்குத்தி அடுக்கி மண்மூட்டை போடு எண்டு. மூட்டைக்குச் சாக்கில்லை அண்ணா, சீலையளைத்தான் கிழிச்சுத் தைக்கிறம் எண்டவள். அதோட லைன் அறுந்து போட்டுது.

அண்டைக்குத்தான் இந்த வளைஞ்ச கிடங்கைத் தொடங்கினவர் அண்ணை. திரும்ப எடுப்பாள், அப்ப பிழையாச் சொல்லக்கூடாது, நான் வெட்டிப் பார்த்திட்டுத்தான் சொல்லுவன் எண்டு நிக்கிறார். லண்டன் களிமண்ணில வெட்டிப் பார்த்து அந்த மணலுக்கு என்னெண்டு சொல்லுறது? கேட்டால் கோவம் வருகுது. அங்க மரத்தடியில பச்சையும் ஊதாவுமா அடுக்கிக் கிடக்குதே, அது என்ர சீலையள். நான்தான் மூட்டையாத் தைச்சுக் குடுத்தனான். கூறைச்சீலையை மட்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் அதையும் குடுத்திருப்பன்.

ஐயோ, எழும்பாதேங்கோ. எனக்குத் தெரியும், போய் அதை மூடச் சொல்லப்போறியள். நாளைக்குக் கொங்கிறீற் லொறி வருகுது, நீங்கள் சரி எண்டால் ஊத்தி முடிச்சிடுவினம். பேந்து இவருக்கு வெட்ட ஒண்டும் இருக்காது. கையைக் கழுவிப்போட்டு வந்து உந்தப் போனுக்குப் பக்கத்தில இருப்பார்.

இல்லை இல்லை, அந்தப் போன் வயரைத் தொடாதேங்கோ. அது தானாக் கழண்டதில்லை, நான்தான் கழட்டி வைச்சிருக்கிறன். இவற்ற மொபைலும் இந்தா, என்ர பொக்கற்றுக்கதான். முந்தநாள் பாரிசிலயிருந்து, அங்க எங்களோட பழகின டொலறஸ் அக்கா எடுத்தவ. அவவின்ர தம்பி அங்க கமலியாக்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறாராம். எப்பிடியோ ஒருக்கா லைன் கிடைச்சுதாம். நல்லகாலம், நான் எடுத்தன். கமலியும் பெட்டையளும் பங்கருக்குள்ளதான் இருந்தவையாம். செல் அவையளில படேல்லையாம், கிட்டடியில விழுந்ததாம். மணல் அப்பிடியே உள்ளுக்க வந்து மூண்டு பேரையும் மூடிட்டுதாம். எல் மாதிரித்தான் வெட்டியிருந்தவையாம் அண்ணை. அண்ணன் சொன்ன மாதிரியே, நல்ல ஆழமா.

இல்லையப்பா! ஒருத்தரும் எடுக்கேல்லை!

கேட்டியளோ? இதை நான் எந்த வாயால சொல்லுறது? சொல்லத்தான் வேணும், சொல்லுவன், இண்டைக்கு ஏலாது. அவர் வெட்டிக்கொண்டு நிக்குமட்டும் அவருக்குக் கமலி இருக்கிறாள். நீங்கள் கவுன்சில் ஆள், நீங்கள் சொன்னால் கேப்பார். போய்ச் சொல்லுங்கோ. மரம் கிட்ட நிக்குது, ஆழம் காணாது எண்டு சொல்லுங்கோ. இன்னும் ஓரடி வெட்டச் சொல்லுங்கோ அண்ணை.