வாத்து மேய்க்க ஆள் தேவை

நீடாமங்கலம் பஸ். எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மா, ஆறாவது படிக்கும் மகளோடு. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற வாத்துக்காரர், அந்தப் பெண்ணை வேலைக்கு அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அறுத்த வயல்ல வாத்து மேய்க்கணும், அவ்வளவுதாங்க. காத்தாட நடக்கலாம், மூணு வேளையும் சோறு. ராஜா வேலை."

"அப்ப எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போங்க. டீக்கடையிலதான் உக்காந்திருக்காரு. நடந்தா சுகருக்கும் நல்லது."

"பெரியவங்க சரிப்பட மாட்டாங்க."

"ஏங்க?"

"நாலே நாள்ல ஓடிப்போயிடுவாங்க."

"புள்ளைங்க ஓடாதா?"

"அதுங்களுக்கு ஊருக்குத் திரும்ப வழி தெரியாதுல்ல."

அந்த அம்மா எழுந்து நின்று குரல் கொடுத்தார்.

"கண்டக்டர் சார், இவரு இறங்கணுமாம். வழி தெரியாத எடமாப் பாத்து இறக்கி விடுங்க."