கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு ரம்பம்

கணவர்: இங்க வா... சீக்கிரம் ஷெட்டுக்கு வா. இது என்ன?

மனைவி: தூளு.

கணவர்: என்ன தூளு?

மனைவி: மரத்தூளு மாதிரி இருக்கு.

கணவர்: மாதிரி என்ன மாதிரி, மரத்தூளேதான்! புதுசு. வாசம் கூடப் போகல. ரம்பத்தத் திரும்பச் சேத்து மாட்டிப் பத்து மாசமாச்சு, நான் இன்னும் சுவிட்சையே போடல... அதாவது, முறைப்படி போடல. அப்புறம் எப்படி உள்ள தூளு?

மனைவி: தொண்ணூறு வயசு ரம்பம்னு சொன்னீங்களே. பழைய தூளு உதிர்ந்திருக்கும்.

கணவர்: உதிர்றதா? ஒவ்வொரு திருகாணியையும் கழட்டி, பல் விளக்குற பிரஷ்ஷால தேச்சவன் நான்...

மனைவி: அது என் பிரஷ்ஷு.

கணவர்: இப்ப அதா முக்கியம்? பத்து மணிக்குத் தலைவர் வர்றாரு. பழம்பெரும் மின்ரம்பம் மீட்போர் மன்றத் தலைவர்! அவரு பாத்துத் தலையாட்டினாத்தான் நான் உறுப்பினர். ஆமா, என் செருப்பு எங்க?

மனைவி: கால்ல இருக்கே.

கணவர்: இது வாசல் செருப்பு. ஷெட்டுல போட்டுக்கறது... நீலம், நடுவுல மஞ்சக் கோடு. ரெண்டு மாசமா இடது கால் செருப்பக் காணோம். வலது மட்டும் கிடக்கு. ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?

மனைவி: பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.

கணவர்: அவங்க வளக்கறது மீனு.

மனைவி: ...சரி, இன்னைக்கு அவரு முன்னாடி ஒரு பலகைய அறுத்துக் காட்டிடுவீங்களா?

கணவர்: அறுக்கறதா? பலகை சரியாக் காயணும். பெல்ட் இன்னும் படியல. காத்துல ஈரம் வேற...

மனைவி: போன கோடையிலயும் ஈரம்தான்னீங்க.

கணவர்: அது வேற ஈரம். இனிமே அறுக்கற பேச்சே இல்ல, போ. கண்ணாடிப் பெட்டி சொல்லிட்டேன். மதியம் வருது. மோட்டாரக் கழட்டித் தனியா வச்சுட்டு, ரம்பத்த உள்ள நிக்க வச்சு, மேல ஒரு விளக்கு...

மனைவி: மோட்டாரக் கழட்டறதா? எதுக்கு?

கணவர்: ஏன் இப்படிப் பதறுற?

மனைவி: பதறல... ஓடறதுக்குத்தான மோட்டாரு? கொலு... ச்சே, காட்சிக்கு வைக்கவா ஒன்றரை வருஷம் தேச்சீங்க?

கணவர்: தலைவரோட யோசனை. மறுபேச்சு கிடையாது. அதோ, பெல் அடிக்குது!

தலைவர்: வணக்கம், வணக்கம். எங்க அந்த மகாராணி?

மனைவி: வாங்கண்ணா, நான்தான் இந்த வீட்டு...

தலைவர்: ரம்பத்தச் சொன்னேன்மா.

கணவர்: இதோ சார், இதோ.

தலைவர்: அடடா! எங்கய்யா பிடிச்சீங்க?

கணவர்: பழைய இரும்புக் கடையில, ஒரு கோழிக்கூண்டத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு சார். கோழி மேலகூட துரு.

தலைவர்: பெயிண்ட்டு?

கணவர்: பதினோரு பச்சை கலந்து பாத்தேன், எதுவும் ஒத்து வரல.

தலைவர்: பன்னெண்டாவதுதான் எப்பவும் சரியா வரும்.

கணவர்: இது பன்னெண்டாவதுதான் சார்!

மனைவி: ஓட விட்டுப் பாக்கலாமேண்ணா?

கணவர்: ஸ்ஸ்...

தலைவர்: ஓட... ம்ம்... ஓடும்மா. பாத்தாலே தெரியுதே. ஓடற முகம்.

மனைவி: உங்க மன்றத்துல எத்தன ரம்பம் இருக்கு?

தலைவர்: பதினேழு பேரு, பதினேழு ரம்பம். ஒண்ணொண்ணும் மூஞ்சி பாக்கலாம், அப்படிப் பளபளன்னு இருக்கும்.

மனைவி: எத்தன மரம் அறுத்திருக்கும்?

தலைவர்: எண்ணிக்கை முக்கியமில்லம்மா...

மனைவி: ஒண்ணாவது?

கணவர்: சும்மா இரேன்! தலைவர் அறுக்காமலா? சார், அதென்ன கையில, துணி சுத்தி?

தலைவர்: நல்லவேளை கேட்டீங்க. புது உறுப்பினருக்கு என் அன்பளிப்பு. என் ரம்பத்துல, என் கையால, நானே அறுத்துச் செஞ்ச முக்காலி.

கணவர்: ஐயோ சார்! பாத்தியா? வேலைன்னா இது வேலை! விளிம்ப எப்படி உருட்டியிருக்காரு பாரு!

மனைவி: ம்... பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

தலைவர்: அந்த விளிம்புக்காக மூணு நாளு எனக்குச் சோறு இறங்கல.

மனைவி: வட்ட ரம்பம் நேராத்தான ஓடும்? எப்படிண்ணா வளைச்சீங்க?

தலைவர்: அது... பொறுமையா.

மனைவி: மூலைய நாலஞ்சு தடவ சீவிட்டு, அப்புறம் அரத்தால தேச்சு உருட்டணும், இல்லையா?

தலைவர்: அதேதான், அதேதான். அப்படித்தான் உருட்டினேன்.

கணவர்: உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?

மனைவி: நீங்க வாங்கிப் போட்ட புத்தகம் சும்மாத்தான கிடக்கு... என்ன மரம்ணா இது?

தலைவர்: நல்ல மரம்மா. சரி, பேசிக்கிட்டே இருந்தா எப்படி? ஸ்பேனர எடுங்க, மோட்டாரக் கழட்டிடுவோம்.

மனைவி: கொஞ்சம் இருங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு பலகைய அறுங்க. அப்புறம் கழட்டுங்க, நான் வாயத் தொறக்கல.

கணவர்: சார், நீங்க பெரியவரு... நீங்கதான் முதல்ல.

தலைவர்: வீட்டுக்காரர் இருக்கறப்ப நானா? முறையில்ல.

கணவர்: எனக்குத் தோள்பட்டையில பிடிப்பு சார்.

தலைவர்: நான் மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன்.

மனைவி: மூக்கு மேலதான் இருக்கு.

தலைவர்: இது... படிக்கறதுக்கு.

மனைவி: சரி, தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். இந்த வளையலப் பிடிங்க.

கணவர்: ஏய், என்ன பண்ற... சுவிட்ச் எங்கன்னு... அட, தெரியுமா உனக்கு? அய்யோ, விரலு! விரலு!

தலைவர்: அம்மா, வேணாம்மா! சொன்னாக் கேளும்மா!

மனைவி: முடிஞ்சுது. கண்ணத் தொறங்க. ரெண்டு பேரும்தான்.

கணவர்: ...கோடு போட்ட மாதிரி அறுபட்டிருக்கே!

தலைவர்: இவ்வளவு சத்தமா வரும்?

மனைவி: ஏன், உங்க ரம்பம் சத்தம் போடாதாண்ணா?

தலைவர்: போடும்... வேற மாதிரி.

கணவர்: அப்ப அந்தத் தூளு...

மனைவி: என்னுதுதான். எட்டு மாசமா. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் ஓட்டுவேன், வர்றதுக்குள்ள கூட்டிடுவேன். நேத்து நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. சமையக்கட்டு அலமாரி பின்ன எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?

கணவர்: எந்த அலமாரி?

மனைவி: தினமும் டம்ளர் எடுக்கறீங்களே, அது.

கணவர்: அது எப்பவுமே அங்கதான இருக்கு!

மனைவி: இங்க பாருங்க, இந்த மோட்டாரு எனக்கு வேணும். இதுகிட்ட நிக்கறப்பதான் எனக்குச் சந்தோஷமா இருக்கு. இத்தன வருஷத்துல நான் ஆசப்பட்டுக் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். கண்ணாடிக்குள்ள போட்டீங்கன்னா என்னால தாங்க முடியாதுங்க.

கணவர்: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?

மனைவி: சொன்னா, தொடாத, பன்னெண்டாவது பச்சை கீறிடும்பீங்க. நீங்க மட்டும் ஏன் ஓட்டல?

கணவர்: ...பயம். அந்தப் பல்லப் பாத்தாலே விரல எண்ணிப் பாத்துக்கறேன். இதத் தலைவர்கிட்ட சொல்லிடாத.

தலைவர்: நான் இங்கதான் நிக்கறேன்.

கணவர்: மன்னிச்சுக்கோங்க சார்... கொஞ்சம் உக்காரணும் போல இருக்கு.

தலைவர்: முக்காலியிலயே உக்காருங்களேன்.

கணவர்: என்ன சார் இது, இழுத்தா நகர மாட்டேங்குது. அடியில என்னமோ ஒட்டியிருக்கு... ரப்பரு. நீலம்... நடுவுல மஞ்சக் கோடு... சார், உங்க முக்காலிக் கால்ல எதுக்கு என் செருப்பு?

மனைவி: தெருமுனை மரச்சாமான் கடைக்கு நான் செஞ்சு குடுத்த முக்காலிங்க அது. மூணு காலுக்கும் ஒத்தச் செருப்பே போதுமா இருந்துச்சு.

கணவர்: சார்... என் ரம்பத்துல, என் கையாலன்னு சொன்னீங்களே?

தலைவர்: அது கிடக்கட்டும் சார். அந்த வலது கால் செருப்ப மட்டும் பத்திரமா எடுத்து அம்மாகிட்ட குடுங்க... அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு புது உறுப்பினர் சேர்றாரு, அதுக்குள்ள நான் என் கையால இன்னொரு முக்காலி செஞ்சாகணும்.