சிவப்பு டேப்

இல்ல மேடம், உங்க விசாரணை ரிப்போர்ட்டுல அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதாதீங்க. மத்ததெல்லாம் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். சனிக்கிழமை காலையில ஒன்பதே கால், பேட்டரி வெடிச்சது, ஆசிட் முகத்துல அடிச்சது, ரெண்டு கண்ணும் போனது, எல்லாம் நடந்ததுதான். ஆனா விபத்துக்குக் காரணம்னு போட்டு, காயமடைந்தவரின் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை அடிச்சிருங்க.

அவரே சொன்னாரா? தெரியும். கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் என் தப்புதான், என் தப்புதான்னு சொல்லிக்கிட்டிருக்காரு. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு. என் கூடப் பிறந்த அண்ணன் மேடம் அவரு. முப்பத்தோரு வருஷமா இதே பட்டறையில எனக்கு எதிர்ப் பெஞ்சில நின்னு வேலை பார்த்தவரு. அவரோட கவனம் எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா? உட்காருங்க, சொல்றேன். அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க.

ஆமா, அந்தத் துணி போட்டு மூடியிருக்கே, அதுதான் வண்டி. தாராளமா திறந்து பாருங்க. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் வண்டி. ரெண்டே சீட்டு. இரும்புக் கூரை கிடையாது, மழை வந்தா துணியை இழுத்து மூடிக்கணும். உள்ள உட்கார்ந்தா முழங்கால் தாடையில இடிக்கும். ஒரு பல் டாக்டரோடது. அவரோட அப்பா ஓட்டின வண்டியாம், அதனால விக்கவும் மனசு வரல, ஓட்டவும் முடியல. சிக்னல்ல நின்னா முன் விளக்கு மங்கிப்போகுது, மாசத்துக்கு ஒரு தடவை எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பாயிண்டைக் கழட்டித் தேய்க்க வேண்டியிருக்கு, எல்லாத்தையும் புதுசா மாத்திக் கொடுங்கன்னு கொண்டு வந்து விட்டாரு. ஆனா ஒரு நிபந்தனை. திறந்து பார்த்தா எதுவும் மாறின மாதிரி தெரியக் கூடாது.

அதுதான் மேடம், நீங்க கேட்கப் போறதுக்கும் பதில். எஞ்சினைப் பார்த்தாலே மாத்தியிருக்குன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காதான்னுதானே கேட்குறீங்க? தெரியாது. இதோ, உருளையா இருக்கே, பார்த்தா கரண்ட் எடுக்கிற பழைய டைனமோ. உள்ள இருக்கிறது அதே வேலையைச் செய்யுற இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர். பழைய கூட்டுக்குள்ள புதுசை வச்சே செஞ்சு விக்கிறாங்க. பாயிண்ட் இருந்த இடத்துல நெருப்புப்பெட்டி அளவுக்கு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி, மூடியைப் போட்டா அதுவும் தெரியாது. நானே ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்தா, ரெண்டு நிமிஷம் யோசிப்பேன்.

இப்ப எர்த்துக்கு வர்றேன். இன்னைக்கு ரோட்டுல ஓடுற எந்த வண்டியிலயும் பேட்டரியோட நெகட்டிவ்தான் பாடியில சேர்ந்திருக்கும். இந்தப் பழசுல தலைகீழ். பாசிட்டிவ்தான் பாடியில உட்கார்ந்திருக்கும். புது ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது, அந்தச் சின்னப் பெட்டிக்கும் ஆகாது. அதனால முதல்ல பேட்டரியைத் திருப்பணும். காயில் ஒயரை இடம் மாத்தணும். அம்மீட்டர்ல ரெண்டு முனையையும் மாத்தணும், இல்லேன்னா சார்ஜ் ஏறும்போது இறங்குதுன்னு முள் பொய் சொல்லும். பெரிய வித்தை இல்ல. நிதானம் வேணும், அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பிடிக்கல. எஞ்சினும் கார்புரேட்டரும் அவரோடது, ஒயரிங் என்னோடது, அப்படித்தான் பிரிச்சு வச்சிருந்தோம். ஆனா இந்த வண்டிக்கு மட்டும் நடுவுல வந்து நின்னாரு. அறுபது வருஷமா ஓடின வண்டி, உன் டிப்ளமா வந்துதான் ஓட வைக்கணுமான்னு கேட்டாரு. டாக்டர் முன்னாடியே கேட்டாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். உங்க பிடிவாதத்துல பெல்ட் மாட்டினா ஒரு டைனமோவே ஓடும்னு சொன்னேன். டாக்டர் சிரிச்சாரு. அவர் சிரிச்சதுதான் அண்ணனுக்குப் பொறுக்கல. அந்த வண்டி மேல இனிமே என் கை படாதுன்னு சொல்லிட்டுப் பெஞ்சுக்குப் போயிட்டாரு.

பதினோரு நாள் பேசல. ஒரே கூரை, நடுவுல எட்டடி. மத்தியானம் அண்ணி சாப்பாடு கொண்டு வந்தா, உன் கொழுந்தன் பத்தாம் நம்பர் ஸ்பானரை எங்க வச்சான்னு கேளும்பாரு. அண்ணி என் பக்கம் திரும்புவாங்க. அவர்கிட்டச் சொல்லுங்க அண்ணி, அவர் பெஞ்சுக்கு அடியிலதான் கிடக்குதுன்னு நான் சொல்லுவேன். அவங்க ஒரு நாள், நான் என்ன டெலிபோனான்னு கேட்டுட்டு டப்பாவை வச்சிட்டுப் போயிட்டாங்க. அப்பவாவது ரெண்டு பேரும் சிரிச்சிருக்கணும்.

இருங்க, டேப்பைச் சொல்லாம போயிட்டேன். அதுதான் முக்கியம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பின்னல் ஒயர் போகுது பாருங்க, அதுல சிவப்பா ஒரு டேப் சுத்தியிருக்கா? இங்க வர்ற ஒவ்வொரு பழைய வண்டிக்கும் அதைச் சுத்துவோம். சிவப்புன்னா பாடியில பாசிட்டிவ். கறுப்புன்னா நெகட்டிவ். எட்டு வருஷம் முன்னாடி ஒரு வண்டியை நான் மாத்திட்டுச் சொல்லாம விட்டேன். அண்ணன் தெரியாம சார்ஜரை மாட்டி, ஒயரிங் மொத்தமும் புகைஞ்சு போச்சு. அன்னைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் ரெண்டு ரோல் டேப் வாங்கிட்டு வந்து, ஒரு சட்டம் போட்டாரு. டேப்பை ஒருத்தர் தனியா மாத்தக் கூடாது. ஒருத்தர் மாத்தணும், அடுத்தவர் பேட்டரியிலேருந்து கடைசி நட்டு வரைக்கும் ஒயரை விரலால தடவிப் பார்த்துச் சரின்னு சொல்லணும். சொன்ன பிறகுதான் கறுப்பு. பேட்டரியைத் திருப்புறதும் அப்பதான், ரெண்டு பேரும் நிக்கும்போதுதான்.

எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட அதை மீறல. அண்ணன் எந்தப் பழைய வண்டியில கை வச்சாலும், முதல்ல அந்த டேப்பைப் பார்த்து, விரலால ஒரு தட்டு தட்டிட்டுத்தான் அடுத்த வேலை. கவனக்குறைவாம்.

மீறினது நான். வியாழக்கிழமை அவர் சாமான் வாங்க வெளியில போயிருந்தாரு. பேட்டரியைத் திருப்பாம புதுப் பெட்டியைச் சோதிக்க முடியாது, சோதிக்கணும்னா அவரைக் கூப்பிடணும், கூப்பிட்டா நான் முதல்ல பேசினதா ஆயிடும். நானே திருப்பிட்டேன். ஸ்டார்ட் பண்ணேன், முதல் சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. அவ்வளவு சுத்தமான சத்தம். பக்கத்துல யாருமில்ல. அணைச்சிட்டேன். டேப்பை மட்டும் தொடல. அதுக்கு அவர் வந்து சரின்னு சொல்லணும்ல? வரட்டும்னு விட்டுட்டேன். அவர் போட்ட சட்டம்தானே, அவரே வந்து கேட்கட்டும்னு.

வெள்ளிக்கிழமை எஞ்சினைப் போடாமலே விளக்கு, ஹாரன், வைப்பர்னு ஒவ்வொண்ணா சோதிச்சதுல பேட்டரி இறங்கிப்போச்சு. சனிக்கிழமை காலையில அண்ணன் எனக்கு முன்னாடியே வந்துட்டாரு. கை படாதுன்னு சொன்ன வண்டியோட பானெட்டைத் திறந்து வச்சிருந்தாரு. எதுக்குன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவுல அண்ணி சொன்னாங்க. முந்தின நாள் சாப்பிடும்போது அவங்ககிட்டச் சொன்னாராம், ஒயரெல்லாம் நல்லாத்தான் இழுத்திருக்கான், கார்புரேட்டர் அவனுக்கு வராது, காலையில போய் நானே வச்சுக் கொடுத்துடுறேன்னு.

சாவி போட்டா இழுக்கல. அப்பதான் சார்ஜர்லேருந்து கழட்டின பட்டறை பேட்டரியைத் தூக்கிட்டு வந்து மட்கார்டு மேல வச்சாரு. சார்ஜ் ஏறி முடிஞ்ச பேட்டரியிலேருந்து கேஸ் வந்துக்கிட்டே இருக்கும், ஒரு பொறி போதும் அதுக்கு. வண்டியோட சொந்த பேட்டரி சீட்டுக்குப் பின்னாடி ஒரு குழிக்குள்ள இருக்கு, அங்க யாரும் குனிய மாட்டாங்க. முன்பக்கத்துலயே ஸ்டார்ட்டர் முனையில ஒரு கிளிப், எஞ்சின்ல ஒரு கிளிப் மாட்டினா போதும். எது எங்கன்னு எப்படி முடிவு பண்ணுவாரு? டேப்பைப் பார்த்துத்தான். சிவப்பு. விரலால ஒரு தட்டு தட்டினாரு. சிவப்புன்னா தம்பி இன்னும் திருப்பல, திருப்பியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பான். அப்படித்தானே நினைச்சிருப்பாரு? பாசிட்டிவ் ஒயரை எஞ்சின்ல மாட்டினாரு. நெகட்டிவ் ஒயரை ஸ்டார்ட்டர்ல மாட்டினாரு. கடைசி கிளிப்பைப் பட்டறை பேட்டரியில வச்சாரு. ரெண்டு பேட்டரியும் ஒண்ணுக்கொண்ணு எதிரா மோதிக்கிச்சு, பொறி பறந்துச்சு, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி மூடியோட வெடிச்சுது.

தண்ணி ஊத்தினது நான்தான். குழாயைத் திறந்து, இருபது நிமிஷம் தலையைப் பிடிச்சுக்கிட்டு. பதினோரு நாளைக்கு அப்புறம் அவர் முதல்ல பேசினது அப்பதான். பெட்டி எரிஞ்சிடுச்சாடான்னு கேட்டாரு. எரியலண்ணேன்னு சொன்னேன். எரிஞ்சுதான் போயிருந்துச்சு.

என்ன கேட்டீங்க? ம், விரலால தட்டினாருன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்குறீங்க. நீங்க கேட்பீங்கன்னு நினைச்சேன். போன தடவை கொடுத்த வாக்குமூலத்துல, சம்பவ நேரத்துல பின்பக்கம் கை கழுவிக்கிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பக்கத்தை எடுங்க. அதையும் அடிச்சிருங்க.

இதோ, இந்த வாசல்படியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலேருந்து நாலு எட்டு. அவர் என்னைப் பார்க்கல. பேட்டரியைத் தூக்கிட்டு வந்ததுலேருந்து கடைசி கிளிப் வரைக்கும் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும். கறுப்பு டேப் என் சட்டைப் பையில இருந்துச்சு. அண்ணேன்னு ஒரு வார்த்தை. அது போதும். பேட்டரி வெடிக்கும்னு நினைக்கல மேடம், அது சத்தியம். அந்தச் சின்னப் பெட்டி எரியும்னு நினைச்சேன். எரியட்டும், அப்ப அவரே வந்து பேசித்தானே ஆகணும்னு நினைச்சேன். ஒயரெல்லாம் தெரிஞ்சவன் நான், கேஸ் இருக்குன்னும் தெரிஞ்சவன்தான்.

என்ன, பேனா எழுதலையா? இந்தாங்க, என்னோடதை வச்சுக்கோங்க. கவனக்குறைவு இல்ல. அவர் கவனமாத்தான் இருந்தாரு. நானும் கவனமாத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்படியே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்.