பாசி விடும் மூச்சு

மாமியார்: முன்கூட்டியே சொல்லிடறேன், உன்னை இந்த வேலையை விடச் சொல்லத்தான் வந்திருக்கேன். அப்புறம் அத்தை ஏமாத்திட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது.

மருமகள்: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? தையல் கடையை யாரு பாத்துக்கறா?

மாமியார்: பூட்டிட்டேன். ஊரார் ஜாக்கெட் ஒரு நாள் தாமதமானா குடி முழுகிடாது.

மருமகள்: கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே நான் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துலதான் இருக்கேன். இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன திடீர்னு?

மாமியார்: ...சும்மா. பாக்கணும்னு தோணுச்சு. ஐயோ, என்ன நாத்தம் இது!

மருமகள்: ஊர்க் கழிவு மொத்தமும் இந்த வாய்க்கால்லதான் உள்ள வருது. சீக்கிரம் தாண்டிடலாம்...

மாமியார்: நான் மூக்கைப் பொத்தினா நியாயம், புதுசா வந்தவ. நீ ஏன் பொத்திக்கற?

மருமகள்: அது... இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்.

மாமியார்: ம்... வேலைக் கோட்டுக்குப் பொத்தான் ஏன் போடல?

மருமகள்: வெயில் அத்தை... வாங்க, குளத்துப் பக்கம் போயிடலாம்.

மாமியார்: எந்தக் குளம்... யம்மாடி! என்ன பச்சை இது! பெயிண்ட் கொட்டிட்டாங்களா?

மருமகள்: பாசி. ஒவ்வொண்ணும் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சின்னது.

மாமியார்: தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சா நான் தேய்ச்சுத் தேய்ச்சு ஓயறேன், நீ வளத்து வெச்சிருக்கியா?

மருமகள்: சம்பளம் வேற வாங்கிக்கிட்டு.

மாமியார்: கொழுப்பு! ...ஏம்மா, இங்க நாத்தமே இல்லையே. அந்தத் தண்ணி எங்க போச்சு?

மருமகள்: இதான் அந்தத் தண்ணி.

மாமியார்: போடி!

மருமகள்: சத்தியமா. இதுக்குள்ள பாக்டீரியா இருக்கு, அதுதான் அழுக்கைத் தின்னுது. ஆனா அதுக்கு மூச்சு விடக் காத்து வேணும். மத்த இடத்துல மெஷின் வெச்சுக் காத்து அடிப்பாங்க, கரண்ட்டு எக்கச்சக்கமா இழுக்கும்...

மாமியார்: இங்க அப்படி ஒண்ணையும் காணோமே. ஒரு சக்கரம் மட்டும் மெதுவா சுத்துது.

மருமகள்: அது கலக்கி விட. காத்து கொடுக்கறது பாசி. வெயில் பட்டா போதும். அங்க ஓரத்துல பாருங்க...

மாமியார்: குமிழி! பொடிப்பொடியா வருதே!

மருமகள்: பாசி விடற காத்து. அதை பாக்டீரியா இழுத்துக்கும். பாக்டீரியா விடற மூச்சைப் பாசி இழுத்துக்கும்.

மாமியார்: இரு, இரு... இது விட்ட மூச்சு அதுக்கு, அது விட்ட மூச்சு இதுக்கா?

மருமகள்: ஆமா.

மாமியார்: நகரு, கிட்டப் போய்ப் பாக்கறேன்.

மருமகள்: பாத்து அத்தை! குளத்துலயே இறங்கிடுவீங்க போல!

மாமியார்: கிண்டல் பண்ணாதே. உடம்பெல்லாம் சிலிர்க்குது. நாம கழுவி விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல... இங்க ஒண்ணுக்கு ஒண்ணு உசுரு கொடுத்துட்டு இருக்கு.

மருமகள்: உள்ள வாங்க, இன்னொண்ணு காட்டறேன். குளத்துத் தண்ணியை இந்த ஜாடியில மொண்டு, ஆட்டாம ஜன்னல்ல வெச்சிருந்தேன்.

மாமியார்: பச்சையெல்லாம் அடியில உக்காந்திருக்கு... மேல... அட, அந்தப் பக்கம் என் விரல் தெரியுதே! யாரு வடிகட்டினது?

மருமகள்: யாரும் இல்ல. பாசியும் பாக்டீரியாவும் ஒட்டிக்கிட்டு, கனமாகி, தானா இறங்கிடும்.

மாமியார்: கடவுளே... குடிக்கலாமா?

மருமகள்: ஐயையோ! கிருமி இருக்கும். அடுத்த தொட்டியில மருந்து போட்டுத்தான் மரங்களுக்கு விடுவோம்.

மாமியார்: நீ தொடறியே?

மருமகள்: கையுறை இல்லாம தொட மாட்டேன். வாய்க்கால் வேலையையும் இப்பல்லாம் வேற ஆளு பாத்துக்கறாங்க.

மாமியார்: இப்பல்லாமா?

மருமகள்: ...மாத்தி மாத்திக் கொடுப்பாங்க. ஏன் என்னையே பாக்கறீங்க?

மாமியார்: உன்னை எங்க பாத்தேன்? கோட்டைப் பாத்தேன்.

மருமகள்: வேலையை விடச் சொல்லாதீங்க அத்தை. தினமும் பாக்கறேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் இந்த ஜாடி தெளியறப்போ எனக்கு அழுகை வந்துடுது. வீட்டுல உக்கார என்னால முடியாது.

மாமியார்: கோட்டைக் கழட்டு.

மருமகள்: அத்தை...

மாமியார்: கழட்டுன்னா கழட்டு.

மருமகள்: இவ்வளவையும் பாத்த பிறகுமா...?

மாமியார்: பாத்ததாலதான். இடுப்புல பிரிச்சு விட்டுத் தரேன், எட்டாம் மாசம் வரைக்கும் பத்தணுமே. தையல்காரி வீட்டுல இருந்துக்கிட்டு நான் தச்ச உன் ஜாக்கெட்டை நீயே திருட்டுத்தனமா பிரிச்சுக் கோணல்மாணலாத் தச்சு வெச்சிருக்கியே... என் தையல் எனக்குத் தெரியாதாடி?