ஒன்பதாவது டப்பா

ஐயா, எந்த வேலையையும் வரிசைப்படி செய்தால் பாதிச் செலவு மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

தன் படத்தைப் பிலிமில்தான் எடுப்பேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றபோது, எடுத்த பிறகு ஆகவேண்டிய வேலைகளுக்கெல்லாம் நான்தான் அட்டவணை போட்டேன். பிலிம் டப்பாக்களைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கழுவும் லேபுக்கு அனுப்புவது. கழுவியதும் எல்லாவற்றையும் குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்வது. அதை வைத்து எடிட்டிங் முடிந்தபின், தேறிய ஷாட்டுகளை மட்டும் உயர்ந்த தரத்தில் மறுபடி ஸ்கேன் செய்வது. ஒலி தனியாகப் பதிவாகும். படம் வந்த பிறகே அதைப் பொருத்த வேண்டும்.

“எங்கண்ணன் வீட்டுல தும்மணும்னாக்கூட அட்டவணையில இடம் இருக்கான்னு பாத்துட்டுதான் தும்மணும்” என்று தம்பி யூனிட் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். தேதியைக் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

படத்தில் கிழவர் வேடம் அப்பாவுக்கு. கடைசிக் காட்சி முடிந்தும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா லென்சைப் பார்த்து ஏதோ பேசினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவரைக் கட்டிக்கொண்டான். நான் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றதால் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை. சின்னவனைப் பற்றி அப்பா பேசுவது எனக்கு மனப்பாடம்.

அடுத்த வாரம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

டப்பாக்களை லேபுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. அந்தக் காட்சி இருந்தது ஒன்பதாவது டப்பாவில். கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் அதோடு சரி, ஒன்றும் மிஞ்சாது. அன்று மொட்டைமாடியில் நல்ல வெயில். சுருளை முழுதும் பிரித்தேன். பிறகு பொறுமையாகத் திரும்பச் சுற்றி, பழைய டேப்பையே ஒட்டினேன். ஒரு டப்பா குறைந்தால் ஸ்கேன் செலவும் குறையும் அல்லவா?

பழி லேப்காரர் மேல் விழுந்தது. இருட்டறையிலேயே இருபது வருடம் இருந்த மனிதர். “என் கைக்கு வரும்போதே வெளிச்சம் பட்டிருக்கு சார், நான் தொறக்கல” என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். வேலை போயிற்று. அவருக்கு நானே ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே மனசு இளகியது. அந்த மனிதரே இப்போது தங்களிடம் புகார் கொடுத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கடிதத்தையும் இணைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

லேப் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பி அழுதான்.

“அதுல அப்பா உன்னப் பத்திதாண்ணே பேசினாரு. பெரியவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூச்சமா இருக்குடா, படமாப் போட்டுக் காட்டிடுன்னாரு. தியேட்டர்ல நீயே பாக்கட்டும்னு நானும் வாயத் தொறக்கல.”

“என்ன சொன்னார்?”

“நான் சொன்னா நல்லாருக்காது. சவுண்டு உன்கிட்டதானே இருக்கு? அவர் குரல்லயே கேளு.”

இருக்கிறது. மேசை இழுப்பறையில், உறை மேல் எண் எழுதி, பத்திரமாக இருக்கிறது. ஏழு மாதமாகியும் இன்னும் கேட்கவில்லை. எனக்குப் பயம் என்று தம்பி நினைக்கிறான். அதெல்லாம் இல்லை ஐயா. அட்டவணைப்படி, படம் வந்த பிறகுதான் ஒலி.